மேல் மூட்டை முதலில் இறங்கணும்: டிரைவர் நிரலில் வளங்களைத் தானாக விடுவிக்க முழுமையான வழிகாட்டி

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிளை வாய்க்கால் மதகில் நாங்கள் மாட்டிய நீர்மட்டப் பெட்டி ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. மிதவை மண்ணில் படுத்திருந்தது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, கடைமடையைத் தொட்ட வாரத்திலேயே பெட்டி படுத்துவிட்டது. மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர்தான் போன் செய்தார்.

"தம்பி, பெட்டியில பச்சை லைட்டு எரியலையே. தண்ணி வந்த மறுநா ராத்திரியே அணைஞ்சிட்டுது."

"யாராச்சும் தொட்டாங்களாண்ணே?"

"தண்ணிதான் தொட்டுச்சு. வேற யாரு தொடப்போறா?"

பெட்டிக்குள் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னது சரிதான். தவறு நான் எழுதிய லினக்ஸ் டிரைவரில் இருந்தது. தண்ணீர் வராதவரை அது வெளியே தெரிய வழியில்லை. அதைத் திருத்தும்போது கற்றதை வரிசையாக இங்கே எழுதுகிறேன். சி மொழியும் கர்னல் மாட்யூலும் ஓரளவு தெரிந்தவர்களுக்கான வழிகாட்டி இது. ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் பெட்டியைப் பார்ப்போம்

போர்டில் ஐ2சி (சிப்புகள் இரண்டு கம்பியில் பேசிக்கொள்ளும் முறை) வழியாகப் பேசும் ஒரு அழுத்த சென்சார். அதற்கு மின்சாரம் ஒரு ரெகுலேட்டரிலிருந்து வருகிறது. தனியாக ஒரு மிதவை சுவிட்ச், ஜிபிஐஓ இன்டரப்டாக: சிப்பின் ஒரு காலில் மாற்றம் வந்ததும் கர்னலை உடனே கூப்பிடும் குறி. மட்டம் ஒரு குறியைத் தாண்டினால் மிதவை சுவிட்சைத் தட்டும். அலையில் மிதவை ஆடும் என்பதால் இன்டரப்ட் வந்தவுடன் சென்சாரைப் படிப்பதில்லை. 200 மில்லி நொடி கழித்து ஓடும்படி ஒரு டிலேட் வொர்க் போட்டு, அதற்குள் படிக்கிறோம்.

சாதனத்தை டிரைவரோடு பிணைக்கும்போது கர்னல் அழைக்கும் ப்ரோப் ஃபங்ஷன் செய்வது இந்த ஆறும், இதே வரிசையில்:

1. டிரைவரின் சொந்தத் தரவுக்கு நினைவகம்
2. ரெகுலேட்டரை எடுத்து இயக்குதல்
3. சென்சாரை எழுப்புதல்
4. டிலேட் வொர்க்கைத் தயார் செய்தல்
5. இன்டரப்ட் பதிவு
6. ஐஐஓ (சென்சார்களுக்கான கர்னல் தொகுதி) சாதனமாகப் பதிவு செய்து பயனர் பக்கம் காட்டுதல்

பழைய பாணியில், பிழை வந்தால் தாவிப் போய் அவிழ்க்க, இதற்குக் கீழே ஐந்து கோட்டூ லேபிள்கள் தொங்கும். ஐந்தாவது படி தோற்றால் நான்கிலிருந்து ஒன்று வரை அவிழ்க்க வேண்டும். மூன்றாவது தோற்றால் இரண்டிலிருந்து. சாதனம் பிரியும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனில் அதையே மறுபடி எழுத வேண்டும். நடுவில் புதிதாக ஒரு படி சேர்த்தவர் லேபிளை மாற்ற மறந்தால் போச்சு. யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் தோல்விப் பாதை மேசையில் ஓடுவதே இல்லை.

படி 1: பேனாவை எடுங்கள்

எடிட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் டிரைவர் கேட்டு வாங்கும் ஒவ்வொன்றும், வாங்கும் வரிசையில். வலது பக்கம் அது எதோடு முடிய வேண்டும் என்பது. பதில் மூன்றே வகைதான்: சாதனம் டிரைவரோடு பிணைந்திருக்கும்வரை, இந்த ஒரு ஃபங்ஷன் முடியும்வரை, பயனர் நிரல் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை.

முதல் வகைக்கு, சாதனம் பிரியும்போது தானாக விடுவிக்கும் டெவ்எம் (படி 2). இரண்டாவதுக்கு, ஃபங்ஷன் முடியும்போது விடுவிக்கும் கிளீனப் தலைப்புக் கோப்பு (படி 7). மூன்றாவதுக்கு இரண்டும் உதவாது. இந்தத் தாளைப் போடாமல் கருவியை எடுத்தவர்கள்தான் பிறகு "டெவ்எம் நம்ப முடியாது" என்று சொல்லித் திரிகிறார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படிச் சொன்னவன்தான்.

படி 2: டெவ்எம் உள்ளே என்ன செய்கிறது

டெவ்எம் ஃபங்ஷன்களுக்கு அடியில் இருக்கும் டெவ்ரெஸ் என்ற ஏற்பாட்டை டேஜுன் ஹியோ எழுதினார், 2007-ல் 2.6.21 கர்னலில் சேர்ந்தது. லிப்ஏடிஏ எனப்படும் வட்டு டிரைவர் தொகுதியை மாற்றி எழுதும் வேலையிலிருந்து பிறந்தது. உள்ளே பெரிய மந்திரம் இல்லை. ஒவ்வொரு சாதனத்தோடும் ஒரு பட்டியல். டெவ்எம் என்று தொடங்கும் ஃபங்ஷனை அழைத்தால், கேட்டதைக் கொடுத்துவிட்டு, "இதை இப்படி விடுவிக்கணும்" என்று பட்டியலில் ஒரு குறிப்பும் போட்டு வைக்கும். ப்ரோப் தோற்றாலோ, சாதனம் டிரைவரிலிருந்து பிரிந்தாலோ, பட்டியல் கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும்.

நெல் கொள்முதல் நிலையத்தில் அடுக்கிய மூட்டை மாதிரிதான். கடைசியாக மேலே வைத்தது முதலில் இறங்கும். அடி மூட்டையை முதலில் உருவினால் என்ன ஆகும் என்று அங்கே வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நேரக் கணக்கில் ஒரு விஷயம் முக்கியம். சாதனம் பிரியும்போது முதலில் உங்கள் ரிமூவ் ஃபங்ஷன் ஓடும். அது முடிந்த பிறகுதான் டெவ்எம் பட்டியல் அவிழும். கையால் விடுவிப்பதெல்லாம் முன்னால், தானாக விடுவது எல்லாம் பின்னால். என் பெட்டி இந்த ஒரு வரியில்தான் மாட்டியது.

படி 3: மேலிருந்து கீழே மாற்றுங்கள், இடைவெளி விடாமல்

பழைய டிரைவரை டெவ்எம்முக்கு மாற்றும்போது எல்லோருக்கும் கை போவது எளிதானதற்கு. இன்டரப்ட் பதிவுக்கு முன்னால் டெவ்எம் என்று சேர்த்தால் போதும், ரிமூவிலிருந்து ஒரு வரி குறையும். நானும் அதைத்தான் செய்தேன். ரெகுலேட்டரையும் டிலேட் வொர்க்கையும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கையிலேயே விட்டுவிட்டேன்.

எங்கள் புதுப்பிப்பு ஸ்கிரிப்ட் ராத்திரியில் டிரைவரைப் பிரித்து, புது மாட்யூலை ஏற்றி, மறுபடி பிணைக்கும். பிரிக்கும் நொடியில் நடந்தது இது. ரிமூவ் ஓடி டிலேட் வொர்க்கை ரத்து செய்தது. ரெகுலேட்டரை அணைத்தது. ரிமூவ் முடிந்தது. டெவ்எம் பட்டியல் இன்டரப்டை எடுக்கப் போகிறது, இன்னும் எடுக்கவில்லை. அந்தச் சின்ன இடைவெளியில் வாய்க்கால் அலையில் மிதவை ஒரு ஆட்டம் ஆடியது. இன்டரப்ட் வந்தது, அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் ஃபங்ஷன் டிலேட் வொர்க்கை மறுபடி போட்டது. பிறகு இன்டரப்ட் போனது, நினைவகமும் போனது. 200 மில்லி நொடி கழித்து அந்த வொர்க், விடுவிக்கப்பட்ட நினைவகத்தின் மேல் எழுந்து நின்றது. கர்னல் அங்கேயே விழுந்தது. காய்ந்த வாய்க்காலில் மிதவை ஆடாது. அதனால் இரண்டு மாதம் எல்லாச் சோதனையும் தேறியது.

ஆகவே விதி இது. ப்ரோப்பின் முதல் வரியிலிருந்து தொடங்கி, ஒன்றையும் தாண்டாமல் வரிசையாக மாற்றிக்கொண்டு வாருங்கள். எங்கே நிறுத்தினாலும் பரவாயில்லை. மேலே உள்ளதெல்லாம் டெவ்எம்மாகவும், கீழே மிச்சமிருப்பது கையாலும் இருந்தால் வரிசை கெடாது, ஏனென்றால் கையால் விடுவிப்பது முன்னால் ஓடும், அவை கடைசியாக வாங்கியவையும்கூட. நடுவில் ஒன்று கையால் நின்றால் வரிசை கெட்டது.

எங்கள் டிரைவரில் முதல் மூன்றை மாற்றிவிட்டு அன்றைக்கு வேலையை முடித்திருந்தால்கூட பெட்டி பிழைத்திருக்கும். நடுவில் உள்ளதைத் தாண்டி ஐந்தாவதை மாற்றியதுதான் வினை.

படி 4: டெவ்எம் வடிவம் இல்லாதவற்றுக்கு

நினைவகம் சுலபம்: டெவ்எம்_கேஇசட்அலாக். ரெகுலேட்டருக்கு 2022-லிருந்து டெவ்எம்_ரெகுலேட்டர்_கெட்_எனேபிள் இருக்கிறது. எடுப்பது, இயக்குவது, முடிவில் அணைப்பது மூன்றும் ஒரே வரியில். ஆனால் அது கைப்பிடியைத் திருப்பித் தராது. மின்சேமிப்புக்காக நடுநடுவே அணைத்து ஏற்றப் போகிறீர்கள் என்றால் இது வேண்டாம். டெவ்எம் வழியாகக் கைப்பிடியை எடுத்து, நீங்களே இயக்கி, அணைப்பதை மட்டும் பட்டியலில் போடுங்கள்.

சென்சாரை எழுப்புவதற்கு யாரும் டெவ்எம் வடிவம் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அது உங்கள் சென்சாரின் சொந்தக் கட்டளை. இதற்குத்தான் டெவ்எம்_ஆட்_ஆக்ஷன்_ஆர்_ரீசெட். ஒரு ஃபங்ஷனும் ஒரு பாயின்டரும் கொடுத்தால், விடுவிக்கும் நேரத்தில் அந்த ஃபங்ஷனை அழைக்கும். எங்கள் நிரலில் இந்த இடம் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

சென்சாரை எழுப்பு;
பிழை வந்தால் திரும்பு;
"தூங்க வை" என்பதைப் பட்டியலில் சேர்;
பிழை வந்தால் திரும்பு;

நான்காவது வரியில் "தூங்க வைத்துவிட்டுத் திரும்பு" என்று எழுதவில்லை, கவனியுங்கள். பட்டியலில் சேர்க்கவும் கொஞ்சம் நினைவகம் வேண்டும். அது கிடைக்காமல் போகலாம். போனால், பெயரின் கடைசியில் இருக்கும் "ஆர்_ரீசெட்" உங்கள் ஃபங்ஷனை அங்கேயே அழைத்துவிடும். அந்தப் பின்னொட்டு இல்லாத வடிவமும் உண்டு. அதை எடுத்தால் தோல்வியில் நீங்களே தூங்க வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்து அதை விரும்பி எடுக்கக் காரணம் அபூர்வம்.

எழுப்பிய வரிக்கும் பட்டியலில் சேர்க்கும் வரிக்கும் நடுவில் வேறு எதையும் எழுதாதீர்கள். "இந்த ஒரு ரிஜிஸ்டரை மட்டும் படிச்சிக்கிறேன்" என்று நடுவில் நுழைவது பிழை தந்து திரும்பினால், சென்சார் எழுந்தபடியே கிடக்கும்.

உங்கள் சென்சாருக்கு ஜிபிஐஓவில் ஒரு ரீசெட் கால் இருந்தால், அது பற்றி ஒரு வார்த்தை. டெவ்எம் வழியாக எடுத்த ஜிபிஐஓ திரும்பிப் போகும்போது, அது பிடித்திருந்த உரிமைதான் போகும். காலை நீங்கள் விரும்பும் நிலைக்கு யாரும் கொண்டுபோய் வைக்க மாட்டார்கள். பிரிந்த பிறகு சென்சார் ரீசெட்டில் இருக்க வேண்டும் என்றால் அதற்கும் ஒரு ஆக்ஷன் போடுங்கள்.

படி 5: வொர்க் முன்னே, இன்டரப்ட் பின்னே

டிலேட் வொர்க்கை ரத்து செய்வதற்கு டெவ்எம்_டிலேட்_வொர்க்_ஆட்டோகேன்சல் இருக்கிறது, 2021-ல் 5.13 கர்னலோடு வந்தது. ப்ரோப்பில் இதை இன்டரப்ட் பதிவுக்கு முன்னால் வைக்க வேண்டும். அப்போதுதான் அவிழும்போது இன்டரப்ட் முதலில் போகும். அதன் பிறகு புதிதாக வொர்க் போட ஆளே இல்லை. பிறகு நிற்கும் வொர்க் ரத்தாகும்.

ஐ2சி பேசும்போது தூங்க நேரிடும் என்பதால், ஹேண்ட்லரிலேயே சென்சாரைப் படிக்கும் டிரைவர் எழுதுபவர்கள், ஹேண்ட்லர் தனி த்ரெட்டில் ஓடும் த்ரெடட் வடிவத்தை எடுங்கள். வரிசைக் கணக்கு மாறாது.

ஐஐஓ பதிவு கடைசி. பயனர் நிரல் பெட்டியைப் பார்க்கத் தொடங்கும் நொடி அது. அதற்குள் மற்றதெல்லாம் தயாராக இருக்க வேண்டும். அவிழும்போது முதலில் கதவு சாத்தப்படும்.

படி 6: ரிமூவை அழியுங்கள்

ஆறும் மாறியதும் ரிமூவ் காலியாக நிற்கும். அப்படியே அழித்துவிடுங்கள். இது வெறும் அழகுக்காக இல்லை. பழைய கர்னல்களில் ரிமூவ் பிழை எண் திருப்பினாலும் கர்னல் சாதனத்தைப் பிரித்தே தீரும். இது தெரியாமல் ரிமூவின் நடுவில் பிழை என்று திரும்பிப் போன டிரைவர்கள் மீதியை விடுவிக்காமலே விட்டன. அதனால்தான் ஐ2சி டிரைவர்களின் ரிமூவ் 6.1-லும், பிளாட்ஃபார்ம் டிரைவர்களின் ரிமூவ் 6.11-லும் எதையும் திருப்பாத வடிவுக்கு மாறின.

ப்ரோப்பிலும் கோட்டூ ஒன்றும் மிஞ்சாது. பிழை வந்த இடங்களில் டெவ்_எர்_ப்ரோப் போட்டு நேராகத் திரும்பலாம். ரெகுலேட்டர் இன்னும் எழவில்லை என்றால் ப்ரோப் "பிறகு வா" என்று திரும்பி, கர்னல் மறுபடி மறுபடி அழைக்கும். அந்த நேரத்தில் ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் பிழை கத்தாமல் இருக்க அது உதவும். இப்படிப் பல தடவை ப்ரோப் ஓடுவதால்தான் தோல்விப் பாதையில் ஒரு சின்னக் கசிவுகூடத் தடவைக்குத் தடவை கூடிக்கொண்டே போகிறது.

படி 7: ஃபங்ஷனுக்குள் வாழ்ந்து சாகிறவை

டெவ்எம் சாதனத்தின் ஆயுளுக்கானது. பூட்டைப் போட்டு எடுப்பது, ஒரு தற்காலிக பஃபர், இவையெல்லாம் ஒரு ஃபங்ஷனோடு முடிந்துவிட வேண்டும். இதற்கு பீட்டர் சில்ஸ்ட்ரா எழுதிய கிளீனப் தலைப்புக் கோப்பு 2023-ல் 6.5 கர்னலில் வந்தது. ஜிசிசியிலும் கிளாங்கிலும் நெடுங்காலமாக இருக்கும் ஒரு வசதியின் மேல் கட்டியது: மாறி தன் அடைப்புக்குறியை விட்டு வெளியேறும்போது, சொன்ன ஃபங்ஷனை கம்பைலர் தானே அழைக்கும்.

அன்றாடம் தேவைப்படுவது இரண்டு. பூட்டுக்கு கார்ட். "கார்ட், மியூட்டெக்ஸ், இந்தப் பூட்டு" என்று ஒரு வரி எழுதினால், அதற்குக் கீழே எங்கிருந்து திரும்பினாலும் பூட்டு திறந்துவிடும். ஃபங்ஷனில் நாலு வரிக்கு மட்டும் பூட்டு வேண்டும் என்றால் ஸ்கோப்ட்_கார்ட். நினைவகத்துக்கு, மாறி அறிவிப்பிலேயே சேர்க்கும் ஃப்ரீ குறி.

இதில் நான் விழுந்த இரண்டு குழிகள்.

முதலாவது, பழக்கத்தில் எல்லா மாறிகளையும் ஃபங்ஷன் தலையில் நல் (வெற்றுப் பாயின்டர்) கொடுத்து அறிவித்துவிட்டு, கீழே மதிப்புக் கொடுப்பது. இங்கேயும் அவிழ்ப்பு தலைகீழ் வரிசைதான். எண்ணப்படுவது அறிவித்த வரிசை, மதிப்புக் கொடுத்த வரிசை இல்லை. தலையில் ஒரு பொருளை நல் என்று அறிவித்து, நடுவில் கார்ட் போட்டு, அதற்குப் பிறகு பொருளை வாங்கினால், வெளியேறும்போது பூட்டு முதலில் திறந்து, பொருள் பிறகு அழியும். அந்தப் பொருளை அழிக்கப் பூட்டு கையில் இருக்க வேண்டும் என்றால் முடிந்தது கதை. ஃப்ரீ குறி போட்ட மாறியை மதிப்புக் கொடுக்கும் வரியிலேயே அறிவியுங்கள். ஃபங்ஷன் நடுவில் அறிவிப்பது கண்ணை உறுத்தும், உறுத்தட்டும்.

இரண்டாவது, ஒரே ஃபங்ஷனில் கோட்டூவையும் இதையும் கலப்பது. கோட்டூ ஒரு கார்டைத் தாண்டிக் குதித்தால், பூட்டாத பூட்டைத் திறக்கப் போகும். கிளாங் இதைப் பிழை என்று நிறுத்தும். ஜிசிசியை இந்த விஷயத்தில் நம்பி உட்காராதீர்கள். ஒரு ஃபங்ஷனை மாற்றினால் முழுதாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

ஃப்ரீ குறி போட்ட பாயின்டரை வெளியே கொடுத்து அனுப்ப நோ_ஃப்ரீ_பாயின்டர் வழியாகக் கொடுங்கள். அது மாறியை நல்லாக்கிவிடும், இரண்டாவது தடவை விடுவிக்காது. டெவ்எம்மில் வாங்கிய நினைவகத்துக்கு கேஃப்ரீ குறி போடவே கூடாது. அதற்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறார்.

படி 8: டெவ்எம் கூடாத இடங்கள்

ஓடிக்கொண்டிருக்கும்போது திரும்பத் திரும்ப வாங்குவதற்கு. எங்கள் வொர்க் ஃபங்ஷனுக்குள் யாராவது டெவ்எம்_கேஇசட்அலாக் எழுதினால், ஒவ்வொரு அலைக்கும் ஒரு துண்டு நினைவகம் சேர்ந்துகொண்டே போகும். டிரைவர் பிரியும்வரை ஒன்றும் திரும்பாது. சம்பா முடியும் வரைகூடப் பெட்டி தாங்காது.

தவறான சாதனத்துக்கு. டெவ்எம் ஃபங்ஷனின் முதல் வாதம்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஐ2சி கிளையன்ட்டின் சாதனத்தைக் கொடுக்க வேண்டிய இடத்தில், ப்ரோப்பில் நீங்களே உருவாக்கிய ஐஐஓ சாதனத்தைக் கொடுத்தால், எந்த டிரைவரோடும் பிணையாத ஒன்றில் தொங்கவிட்டதாக ஆகும். விடுதலை நீங்கள் நினைத்த நேரத்தில் நடக்காது.

மூன்றாவதுதான் நிஜமாகவே கடினம்: பயனர் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது. சொந்தமாக ஒரு கேரக்டர் டிவைஸ் எழுதி, அதன் தரவை டெவ்எம்மில் வைத்தீர்கள் என்று வையுங்கள். பதிவு நிரல் கோப்பைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது. டிரைவரைப் பிரிக்கிறீர்கள்; கர்னல் காத்திருக்காது; நினைவகம் போகிறது. அடுத்த ரீட் போன நினைவகத்தைத் தொடும். இங்கே குறிப்பு எண்ணிக்கை வேண்டும்: கேரெஃப் வைத்து, திறந்தால் ஒன்று கூட்டி, மூடினால் ஒன்று குறைத்து, கடைசி ஆள் போகும்போது விடுவிப்பது. கூடவே "சாதனம் போய்விட்டது" என்று ஒரு கொடியும், அதைப் பூட்டுக்குள் சரிபார்ப்பதும். இதைச் சரியாக எழுதுவது சிரமம். அதனால் என் யோசனை: எழுதாதீர்கள். ஐஐஓ போன்ற தொகுதிகள் இந்தக் கணக்கைத் தாங்களே வைத்திருக்கின்றன. நீர்மட்டம், வெப்பம், அழுத்தம் எதுவானாலும் அதற்கு ஒரு வீடு அங்கே இருக்கும்.

படி 9: வாளியோடு சோதியுங்கள்

மேசையில் ஒரு வாளித் தண்ணீர், அதில் மிதவை. ஒரு கையால் மிதவையை ஆட்டிக்கொண்டே இருங்கள். இன்னொரு பக்கம் சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அன்பைண்ட், பைண்ட் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதும் ஒரு சின்ன லூப் ஓடட்டும். என் பழைய டிரைவர் இதில் சில நிமிடம்கூடத் தாங்கவில்லை. இரண்டு மாதம் காய்ந்த வாய்க்காலில் கண்டுபிடிக்காததை ஒரு வாளி கண்டுபிடித்தது.

கர்னலைக் கட்டும்போது இவற்றை இயக்கிக்கொள்ளுங்கள். கேசான், விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் யார் வாங்கினார், யார் விடுவித்தார் என்று இரண்டு அடுக்கையும் காட்டும். டீபக் ஆப்ஜெக்ட்ஸ், அதன் ஃப்ரீ, வொர்க், டைமர் வகைகளோடு: ஓடக் காத்திருக்கும் டைமரைத் தாங்கிய நினைவகத்தை விடுவித்தால் அந்த இடத்திலேயே பிடிக்கும். எங்கள் பிழையில் இது டிலேட் வொர்க்கின் டைமர் பெயரையே சொன்னது. தேடல் அங்கேயே முடிந்தது. டீபக் டெஸ்ட் டிரைவர் ரிமூவ், ஒவ்வொரு ப்ரோப்புக்குப் பிறகும் ஒருமுறை பிரித்து மறுபடி பிணைக்கும். டெவ்ரெஸ் பதிவை இயக்கினால் பட்டியலில் ஏறுவதும் இறங்குவதும் வரி வரியாக வரும். உங்கள் தாளின் இடது பத்தியோடு ஒப்பிடுங்கள், தலைகீழாக இருக்க வேண்டும்.

தோல்விப் பாதைக்கு ஃபெயில்ஸ்லாப். நினைவகக் கோரிக்கைகளை வேண்டுமென்றே தோற்கடிக்கும். ப்ரோப்பின் முதல் கோரிக்கை தோற்கட்டும், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் ரெகுலேட்டர் அணைந்ததா என்று மீட்டரை வைத்துப் பாருங்கள். இயக்கியபடியே ரெகுலேட்டரைத் திருப்பிக் கொடுத்தால் கர்னலும் எச்சரிக்கை கொட்டும், ஆனால் மீட்டர் பொய் சொல்லாது.

உங்கள் போர்டுக்கு விற்பனையாளர் கொடுத்தது பழைய கர்னலாக இருந்தால் கிளீனப் கோப்பு அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் படி 7-ஐ விட்டுவிடலாம். மற்றதில் பெரும்பாலானவை பழைய கர்னலிலும் வேலை செய்யும். ஒரு வரிக் குறுக்குவழி எது இல்லாமல் போனாலும் படி 4-ன் ஆக்ஷனை வைத்து நீங்களே கட்டிக்கொள்ளலாம்.

பிழைத் திருத்தத்தையும் அழகு மாற்றத்தையும் ஒரே பேட்சில் போடாதீர்கள். எங்கள் டிரைவரில் முதல் பேட்ச் இன்டரப்டிலிருந்து டெவ்எம்மை எடுத்துவிட்டு, ரிமூவின் முதல் வரியில் கையால் விடுவித்தது. அவ்வளவே, அதைத்தான் அன்றிரவே மதகுக்கு அனுப்பினோம். மேலிருந்து கீழே மாற்றியது அடுத்த வாரம், படிக்கு ஒரு பேட்சாக ஆறு பேட்ச்.